வயலில் மனைக்கல் வருமுன்: மனைப்பிரிவை எதிர்க்கும் ஊர்களுக்கான கேள்வி பதில்

தமிழ்நாட்டில் பாசன வயல்களுக்கு நடுவே மனைப்பிரிவு போட யாரோ நிலம் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஊரில் எழும் கேள்விகள் இவை. ‘விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதிய மனு கோப்போடு கோப்பாகக் கிடக்கும். சர்வே எண்ணும் வாய்க்கால் பெயரும் உள்ள மனுவுக்கு யாராவது ஒரு அதிகாரி பதில் எழுதியே ஆக வேண்டும். கீழே இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை மனுவைத் தயார் செய்வது பற்றித்தான்.

மனை போடப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா வதந்தியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த எண்கள் ஒரே நபர் பெயரிலோ ஒரே நிறுவனத்தின் பெயரிலோ கிரையமாகியிருந்தால், அல்லது பல பட்டாதாரர்கள் ஒரே ஆளுக்குக் கிரைய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தால், பேச்சில் உண்மை இருக்கிறது. தார்ச்சாலையை ஒட்டிய வயல் யார் கைக்குப் போனது என்பதை முதலில் பாருங்கள். உள்ளே பத்து ஏக்கர் வாங்கினாலும் சாலைக்கு வழி இல்லாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்க முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்தத் துண்டைத்தான் முதலில் பிடிப்பார்கள், விலை அதிகம் கொடுத்தாவது.

விண்ணப்பம் போட்டுவிட்டார்களா என்பதை நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் பெரும்பாலும் ‘அப்படி எதுவும் வரவில்லை’ என்றுதான் சொல்வார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தால் கேளுங்கள். அதைப் பின்னால் சொல்கிறோம்.

பட்டா நிலம். சொந்தக்காரர் விற்கிறார். அதைத் தடுக்க நாம் யார்?

விற்பதைத் தடுக்க முடியாது. தடுக்க முயலவும் கூடாது. மகள் கல்யாணத்துக்கோ கடனை அடைக்கவோ அரை ஏக்கரை விற்கும் மனிதரிடம் போய் நியாயம் பேசுவது வீண் பகை.

ஆனால் விற்பது வேறு, வயலை மனையாக மாற்றுவது வேறு. மாற்றுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். அதோடு, தனக்குச் சொந்தமில்லாததை அவர் விற்க முடியாது. வயலுக்குள் ஓடும் அரசு வாய்க்கால், வண்டிப்பாதை, அவர் வயல் வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும் உரிமை ஆகியவை அவருடைய பட்டாவுக்குள் அடங்காது. உங்கள் எதிர்ப்பு நிற்க வேண்டிய இடம் இதுதான்.

நஞ்சையில் மனை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே?

முழுத் தடை இல்லை. நெல்வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்கக் கேரளத்தில் 2008இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம்மிடம் அதற்கு இணையான சட்டம் கிடையாது. இருக்கிறது என்று நம்பி மனு எழுதினால் முதல் பத்தியிலேயே மனு விழுந்துவிடும்.

நம்மிடம் இருப்பது அனுமதி முறை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், அதன் கீழ் 2017இல் வந்த விதிகளும், முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும் என்கின்றன. நஞ்சை என்றால் கோப்பு வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை பக்கமும் போய் வரும். அங்கே யார் என்ன எழுதுகிறார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ‘பாசன வசதி இல்லை, தரிசு, ஆட்சேபம் ஏதும் இல்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் கத்துவது மேலே கேட்காது. அந்த வரி எழுதப்படும் முன்பே உங்கள் மனு அதே மேசையில் இருக்க வேண்டும்.

ஊர் ஏற்கெனவே முழுமைத் திட்டப் பகுதிக்குள் இருந்தால் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த உபயோகத்துக்கு என்று குறிக்கப்பட்டிருக்கும். விவசாய உபயோகத்தில் உள்ளதைக் குடியிருப்பாக மாற்றும்போது நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். அறிவிப்பு சின்னதாக, யாரும் படிக்காத பக்கத்தில் வரும். கெடு அதிலேயே இருக்கும். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022இல் ஆணை வந்த பிறகு, தாங்கள் அதற்குள் இருப்பதே தெரியாத கிராமங்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் நிறைய உண்டு.

நாங்கள் டெல்டா. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். இங்கே மனை போடவே முடியாதல்லவா?

போடலாம். அந்த மண்டலத்துக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது அதன் அட்டவணையில் உள்ள திட்டங்களை: எண்ணெய், எரிவாயு எடுப்பது, தோல் பதனிடுதல், செம்பு, துத்தநாக உருக்காலை போன்றவை. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. தஞ்சாவூரைச் சுற்றிப் புறவழிச்சாலை ஓரமாக ஒரு முறை போய் வந்தாலே இது புரிந்துவிடும்.

அப்படியானால் எந்தக் காரணம்தான் நிற்கும்?

தண்ணீர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வயல் தனியாக இருப்பதில்லை. ஏரி மதகிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், பிறகு வயலுக்கு வயல் மடை என்று தண்ணீர் இறங்குகிறது. நடுவே எட்டு ஏக்கரை மேடாக்கினால் அதற்குக் கீழே இருக்கிற முப்பது ஏக்கருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. கடைமடைக்காரர்தான் முதலில் சாகுபடியை விடுவார். அவர் வயலும் அடுத்த இரண்டு வருஷத்தில் ‘தரிசு’ ஆகும். பிறகு அதுவும் விலைக்கு வரும். எட்டு ஏக்கர் மனைப்பிரிவு இப்படித்தான் நாற்பது ஏக்கரைத் தின்கிறது.

வடிகாலையும் மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வரப்பு வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். மனைப்பிரிவில் கிராவல் கொட்டி இரண்டடி, மூன்றடி உயர்த்துவார்கள். பெய்த மழை முழுக்க ஒரே நேரத்தில் பக்கத்து வயலில் இறங்கும். மேலே இருக்கிற வயலின் தண்ணீரோ போக வழியில்லாமல் நின்று பயிர் அழுகும்.

‘குழாய் போட்டுத் தருகிறோம்’ என்பார்கள். அந்தக் குழாயைப் போய்ப் பாருங்கள். இரண்டு ஆள் இறங்கித் தூர்வாரும் அகலத்துக்கு இருந்த வாய்க்கால், புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் ஓரடிச் சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருக்கும். முதல் தண்ணீரிலேயே வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் போய் வாயில் அடைக்கும். முன்பு மண்வெட்டியோடு இறங்கி எடுத்துவிடலாம். குழாய்க்குள் எந்தக் கை போகும்? மேலே சாலை பஞ்சாயத்துக்கு, அடியில் வாய்க்கால் நீர்வளத் துறைக்கு, அடைப்பு மட்டும் உங்களுக்கு.

மற்ற காரணங்கள்: ஏரிக்கு வரத்து தடைபடுவது, களத்துக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதை, நூறு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் பாசனக் கிணறு. பிறகு ஒன்று, யாரும் எதிர்பார்க்காதது: குடிவந்தவர்கள் கொடுக்கும் புகார். அறுவடை இயந்திரம் இரவில் ஓடுகிறது, மருந்து அடிக்கிறார்கள், சாண நாற்றம் என்று அவர்கள் போலீசுக்குப் போவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, வயலுக்கு நடுவில் மனை போட்டது அவர்கள் இல்லை. ஆனாலும் இவையெல்லாம் துணைக் காரணங்கள்தான். மனுவின் முதல் பக்கத்தைத் தண்ணீருக்குக் கொடுங்கள்.

‘பரம்பரை மண்’, ‘ஊர் அமைதி’, ‘வெளியூர் ஆட்கள் வருவார்கள்’ என்பவற்றை மனுவில் எழுதாதீர்கள். முதல் இரண்டும் எந்த விதிக்குள்ளும் வராது. மூன்றாவது உங்களையே சந்தேகப்பட வைக்கும். சில ஊர்களில் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் சாதி ஒளிந்திருப்பதையும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு எதிர்ப்புக்கு நாங்கள் துணை இல்லை.

எந்தெந்த ஆவணங்களைத் திரட்ட வேண்டும்?

முதலில் ‘அ’ பதிவேடு. அரசின் இணையதளத்திலேயே சர்வே எண்வாரியாகக் கிடைக்கிறது. அதில் நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதோடு பாசன ஆதாரம் எது என்றும் இருக்கும். ‘பாசன வசதி இல்லாத நிலம்’ என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு ‘அ’ பதிவேட்டில் ஏரியின் பெயர் இருந்தால், வேறு வாதமே தேவையில்லை.

அடுத்து புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவோடு வரைந்த படம். வாய்க்காலும் பாதையும் தனி உட்பிரிவாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொள்ளுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்த மனை எண் வாய்க்கால்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். சில வாய்க்கால்கள் 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாவுக்குள் கலந்து காணாமல் போயிருக்கும். அப்படிச் சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய நிலவரித் திட்ட (செட்டில்மெண்ட்) பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அலைய வேண்டியிருக்கும். அலைந்ததற்குப் பலன் உண்டு.

மூன்றாவது அடங்கல். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்க் கணக்கு, பசலி ஆண்டு வாரியாக. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. கடைசி இரண்டு பசலியை மட்டும் கேட்காதீர்கள். நிலம் கைமாறுவதற்கு முந்தைய பல பசலிகளையும் சேர்த்து, சான்றிட்ட நகலாகக் கேளுங்கள்.

இவற்றோடு நிலத்தின் வகையையும் ஒருமுறை அலசுங்கள். கோயில் நிலம், பூமிதான நிலம், நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம் என்று ஏதாவது ஒரு உட்பிரிவு அதற்குள் இருந்தால் ஆட்டமே மாறிவிடும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் மற்றவர் கைக்குப் போகக் கூடாது என்பது அந்த நிலத்தை அரசு ஒதுக்கிக் கொடுத்தபோதே போட்ட நிபந்தனை. மேய்க்கால், களம், வாய்க்கால் போன்ற பொதுப் புறம்போக்கை ஆக்கிரமித்தவருக்கே வரன்முறைப்படுத்திக் கொடுக்கும் பழக்கத்தை 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அதை மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.

மூன்று வருஷமாக விளையவே இல்லை, தரிசு என்கிறார்களே?

யார் கையில் இருந்தபோது விளையவில்லை என்று கேளுங்கள். வாங்கியவரே உழாமல் போட்டு, கருவேலம் முளைக்கவிட்டு, அதைப் படம் எடுத்துக் கோப்பில் வைப்பது பழைய வித்தை. கிரையத் தேதியையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: கிரையம் வரைக்கும் குறுவை, சம்பா, கிரையத்துக்கு அடுத்த பசலியிலிருந்து தரிசு. சுற்றியுள்ள வயல்கள் அதே பசலியில் விளைந்ததற்கான அடங்கலையும் சேர்த்தால் தண்ணீர் இல்லை என்ற பேச்சும் அடிபடும்.

மனுவை எப்படி எழுதுவது?

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி ஒரு பத்தி இருந்தால் நல்லது (எண்ணும் பெயரும் உதாரணத்துக்கு):

“மேற்படி மனைப்பிரிவுக்குள் அடங்கும் ச.எண் 212/4, ‘அ’ பதிவேட்டில் பெரிய ஏரிப் பாசன நஞ்சை எனப் பதிவாகியுள்ளது (நகல் 1). ச.எண் 212/5 அரசு வாய்க்கால் புறம்போக்கு (நகல் 2). இவ்வாய்க்கால் வழியாக ச.எண் 214, 215, 219 ஆகியவற்றில் உள்ள எங்கள் வயல்கள் பாசனம் பெறுகின்றன. உத்தேச வரைபடத்தில் இவ்வாய்க்கால் சாலையாகக் காட்டப்பட்டுள்ளது. எனவே நில அளவர், நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகியோருடன் எங்கள் முன்னிலையில் கூட்டுப் புலத்தணிக்கை செய்து, அறிக்கை கிடைக்கும் வரை அனுமதி வழங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.”

ரத்து செய்யுங்கள் என்று கேட்பதைவிடக் கூட்டுப் புலத்தணிக்கை, அதாவது எல்லாத் துறையும் சேர்ந்து இடத்தை நேரில் பார்ப்பது, கேட்பது கெட்டிக்காரத்தனம். முதலாவதை மறுக்க ஒரு வரி போதும். இரண்டாவதை மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று பின்னால் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வரும்.

ஒரே மனுவில் முந்நூறு கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், நேரடியாகப் பாதிக்கப்படும் ஒவ்வொரு பட்டாதாரரும் தன் சர்வே எண், தன் மடை என்று தனித்தனியாக ஒரு மனு கொடுக்கட்டும்.

யாரிடம் கொடுப்பது?

நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகம், மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வேளாண்மை இணை இயக்குநர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், ஊராட்சி. எல்லோருக்கும் ஒரே மனு, ஒப்புகை கிடைக்கும் தபாலில். ஒப்புகைகளைப் பத்திரமாக வையுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் நேரிலும் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட விவசாயிகள் குறைதீர் கூட்டம் பயனுள்ளது. மாதம் ஒருமுறை நடக்கும் அந்தக் கூட்டத்தில் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள். ‘இந்த வாய்க்கால் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா’ என்று நீர்வளத் துறையைப் பார்த்து ஆட்சியர் முன்னாலேயே கேட்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி வருகிறது. கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற நாளில் அடங்கலில் உள்ள பிழையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை எத்தனை தீர்மானம் போட்டது என்பது ஊரறிந்தது. அது அரசுத் திட்டம், இது தனியார் மனைப்பிரிவு என்ற வித்தியாசம் உண்டு. ஆனால் தீர்மானத்தின் எல்லை அதில் தெரிகிறது.

அதற்காகப் போடாமல் விடாதீர்கள். மனைப்பிரிவு அனுமதி இரண்டு கட்டமாக நடக்கும். நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப அனுமதி தரும். சாலையையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு ஊராட்சி இறுதி அனுமதி தரும். கோப்பு மறுபடி ஊருக்கு வரும் அந்த இடத்தில், வாய்க்கால் பெயரைக் குறிப்பிட்ட கிராம சபைத் தீர்மானம் ஒன்று தீர்மானப் புத்தகத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுகிறவர் யோசிப்பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாய்க்காலைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் எது? தீர்மானம் உண்மையிலேயே புத்தகத்தில் ஏறியதா என்பதை அன்றே நின்று பார்த்து, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த மாட்டார்களா?

மாட்டார்கள். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை (2006) கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியே 50 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 123 ஏக்கர் பரப்பிலோ, 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலோதான் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து ஏக்கர் மனைப்பிரிவு அந்த வலையில் சிக்காது.

தகவல் உரிமை மனுவில் என்ன கேட்க வேண்டும்?

‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்’ என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகல், உத்தேச வரைபடம், வட்டாட்சியர் அறிக்கை, வேளாண்மைத் துறைக் கருத்து, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, புலத்தணிக்கைக் குறிப்பு. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் விசாரணைக்கு வர நாளாகும். அதனால் அதே ஆவணங்களை மூன்று அலுவலகங்களில் தனித்தனியாகக் கேளுங்கள். ஏதாவது ஒன்றிலிருந்து வந்துவிடும்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ வாங்கிவிட்டோம் என்கிறார்கள்.

மனைப்பிரிவுக்கு ஊராட்சி மட்டும் தரும் அனுமதி செல்லாது. அனுமதியில்லா மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அப்படிப்பட்ட பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம்; இன்று புதிதாகப் போடுகிறவருக்கு அது பொருந்தாது.

இப்போது ‘பண்ணை நிலம்’ என்று இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பத்து சென்ட், இருபது சென்ட்டாக வெட்டி, நடுவில் மண்சாலை போட்டு, நான்கு மாங்கன்று நட்டு, விவசாய நிலமாகவே பத்திரம் போடுவார்கள். சாலையும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும் போட்ட படங்களோடு சார்பதிவாளருக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் எழுதுங்கள். அது பெயரில் மட்டும்தான் பண்ணை.

ஜேசிபி வந்துவிட்டது. வாய்க்காலை மூடுகிறார்கள். இப்போது என்ன செய்வது?

முதலில் படம், காணொளி எடுங்கள், தேதியோடு. பிறகு அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தால் தகவல். பொது வாய்க்காலையோ பாதையையோ அடைத்தால் அதை அகற்றக் கோட்டாட்சியரே உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அனுமதி இல்லாமல் வேலை தொடங்கியிருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரை வைக்கவும் இடம் உண்டு. ஏரியையே தொட்டிருந்தால் 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம்.

தனியார் வயல் வழியாக வரும் மடை என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. 20 ஆண்டுகளாகத் தடையில்லாமல், உரிமையாக அனுபவித்த நீர்வழியை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் காக்கிறது. ஆனால் தடை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘பேசித் தீர்த்துக்கலாம் அண்ணே’ என்று இழுத்தடிப்பதன் பின்னால் பல நேரம் இந்தக் கணக்கு இருக்கும்.

மனைக்கல்லைப் பிடுங்கிப் போட்டால்?

வேண்டாம். அத்துமீறல், சொத்துச் சேதம் என்று வழக்கு உங்கள்மேல் வரும். அதுவரை உங்கள் பக்கம் இருந்த கோப்பு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடும். முன்வரிசையில் நிற்கும் நான்கு இளைஞர்கள் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறினால் அடுத்த கூட்டத்துக்கு ஊரில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அனுமதி கொடுத்தே விட்டார்கள். எல்லாம் முடிந்ததா?

இல்லை. அனுமதி ஆணையில் உள்ள நிபந்தனைகளை முதலில் படியுங்கள். வாய்க்காலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையைப் போட்டுவிட்டு அதன்மேலேயே சாலை போட்டிருப்பார்கள். உயர் நீதிமன்றத்தில், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். நீங்கள் கொடுத்த ஆட்சேபத்தைப் பரிசீலிக்காமலே ஆணை போட்டார்கள் என்பது அங்கே நிற்கக்கூடிய வாதம். அதற்காகத்தான் முன்பே ஒப்புகைகளைப் பத்திரப்படுத்தச் சொன்னோம். நீர்நிலைக்குச் சேதம் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

நான் குத்தகைக்கு உழுகிறேன். நிலத்துக்காரர் விற்றுவிட்டார்.

சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது. நிலம் கைமாறியதாலேயே உங்களை வெளியேற்ற முடியாது. வருவாய் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வெளியேற்ற வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் குத்தகை பதிவாகியிருந்தால் பிடி இன்னும் வலுவானது. வாய்மொழிக் குத்தகை என்றால் குத்தகை ரசீது, நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, பயிர்க் காப்பீட்டுப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். காலி செய்யச் சொல்லிக் கொடுக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் எதிர்ப்பில் அதிகம் மறக்கப்படுகிறவர் குத்தகைதாரர்தான். கூட்டத்துக்குக் கூப்பிடும் பட்டியலில் பட்டாதாரர் பெயர்கள்தானே இருக்கின்றன.

ஊரிலேயே பாதிப் பேர் விற்கத் தயார். என்ன செய்வது?

அவர்களைத் துரோகி என்று சொல்லாமல் இருப்பதில் தொடங்குங்கள். நெல்லுக்குக் கிடைப்பது என்ன, மனைக்குக் கிடைப்பது என்ன என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மனைப்பிரிவை ஏற்றுக்கொள்கிறவரிடமும் ‘வாய்க்காலை விட்டுவிடச் சொல்வோம்’ என்பதில் ஒப்புதல் வாங்க முடியும். எதிர்ப்பை அந்த அளவுக்குக் குறுக்கிக்கொண்ட ஊர்கள் ஒன்றாக நிற்கின்றன. ‘ஒரு செங்கல் கூட வரக்கூடாது’ என்று ஆரம்பித்த ஊர்கள் இரண்டாம் மாதமே இரண்டு கட்சியாகின்றன.

ஜனத்துக்கு வீடு வேண்டாமா?

வேண்டும். நத்தத்தை (ஊர்க் குடியிருப்பு நிலத்தை) ஒட்டிய மேட்டுப் புஞ்சையிலோ பாசனமில்லாத நிலத்திலோ போடட்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள், முடிந்தால் சர்வே எண்ணோடு. எல்லாவற்றையும் எதிர்க்கிறார்கள் என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

தடுக்கவே முடியவில்லை என்றால் எதையாவது கேட்டு வாங்க முடியுமா?

முடியும். தோற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போகிற ஊர்தான் எல்லாவற்றையும் இழக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஊராட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தை எங்கோ மூலையில் உதவாத முக்கோணமாக ஒதுக்காமல், வாய்க்கால் ஓரமாக நீளவாக்கில் விடச் சொல்லுங்கள். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும், தூர்வார இயந்திரம் போக வழியும் கிடைக்கும். வாய்க்கால் பழைய அகலத்தில், மூடப்படாமல் இருக்க வேண்டும். சாலை கடக்கும் இடத்தில் குழாய் கூடாது, சிறுபாலம் வேண்டும். தரையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். மழைநீர் எந்த வடிகாலில் சேரும் என்று வரைபடத்திலேயே காட்ட வேண்டும். இவை அனுமதி ஆணையில் நிபந்தனையாக ஏற வேண்டும். நிலத்தரகர் கொடுக்கும் வாய்மொழி வாக்கு எதற்கும் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களைக் கூட்டி வந்து மனை காட்டுகிறார்கள். அவர்களிடம் பேசலாமா?

தாராளமாக. மறித்துச் சண்டை போடாமல், சாலையில் நின்று ஒரே ஒரு தாளைக் கொடுங்கள்: ‘அ’ பதிவேட்டு நகலும், ஆட்சேபம் நிலுவையில் இருக்கிறது என்பதற்கான மனு எண்ணும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. துண்டு நோட்டீஸில் பதிவு எண் இல்லை என்றால் அந்த நோட்டீஸையே இணைத்து ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். போன கார்த்திகையில் அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற படம் இருந்தால், தாளின் பின்பக்கத்தில் அதையும் அச்சடித்து விடுங்கள்.